இல்லத்துக் காற்று

உண்ணும் சோற்றில் ஒரு சிறு கல் கிடப்பினும் அதனை எடுத்தெறிந்த பின்னரே மக்கள் உண்பர். குடிக்கும் நீர் சற்றே கலங்கியிருப்பினும் அதனை வடிகட்டியும் காய்ச்சியும் பருகுவர். ஆனால், ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளும் பொருள்களுள் அளவால் மிகப் பெரியது சோறும் அன்று, நீரும் அன்று, காற்றே ஆகும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளியிடுகின்றார். அதில் பெரும்பகுதி வீட்டினுள்ளும் பள்ளியினுள்ளும் பணியிடத்தினுள்ளும் அடைபட்டுக் கிடக்கும் காற்று. அக்காற்றின் தன்மை யாது என ஆராய்ந்து பார்ப்பவர் மிகச் சிலரே. 'காற்று மாசு' என்றவுடன் பலரும் தொழிற்சாலையின் புகைபோக்கியையும் நெடுஞ்சாலையில் விரையும் ஊர்திகளையுமே நினைக்கின்றனர். அடுக்களையும் படுக்கையறையும் அவர்தம் நினைவுக்கு வருவதில்லை.

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது வேங்கிக்கால். ஏரியும் அதனைச் சார்ந்த நிலங்களுமாக இருந்த இவ்வூர், 1989ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரான பின்னர் வேறு தோற்றம் கொள்ளலாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே அமைந்தது. அதனைச் சூழ்ந்து குடியிருப்புகள் பெருகின. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றிலும் நிகழ்ந்தது போலவே, கூரை வேய்ந்த வீடுகளும் ஓடு வேய்ந்த வீடுகளும் குறைந்து, காங்கிரீட் தளமிட்ட வீடுகள் நெருங்கி எழுந்தன. ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடுக்குகள் வழியே வெப்பக் காற்று தானே மேலேறி வெளியேறிவிடும். வாயிற்படியின் வழியாகப் புதிய காற்று புகும். வீட்டுக்காரர் எண்ணிச் செய்யாமலே நடைபெற்ற வேலை அது. தளமிட்ட வீட்டில் அவ்வாறு நிகழ்வதில்லை. சாளரத்தைத் திறந்தால் காற்று வரும், திறவாவிடின் வாராது.

கார்த்திகைத் திங்களில் அத்தகைய வீடு ஒன்றனுள் நுழைவதாகக் கொள்க. வெளியே வடகிழக்குப் பருவமழை. சாரல் அடிக்கின்றது என ஒரு சாளரமும், கொசு வருகின்றது என மற்றொரு சாளரமும், தெருவில் செல்வோர் பார்வை படுகின்றது என வேறொரு சாளரமும் அடைக்கப்பட்டுள்ளன. ஈரத்துணிகள் கூடத்தில் கட்டிய கொடியில் தொங்குகின்றன. அடுக்களையில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கின்றது. மூலையில் கொசுவத்திச் சுருள் புகைகின்றது. வெளியூரிலிருந்து வந்த தங்கை, "அக்கா, ஏதோ ஈர வாடை வீசுகின்றதே!" என்கின்றாள். "அப்படியா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, அம்மா" என்று அக்காள் விடை கூறுகின்றாள். இருவரும் பொய் கூறவில்லை. இருவர் மூக்கும் பழுதுற்றன அல்ல. இஃது எவ்வாறு இயலும்?

'நாற்றம்' என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையே குறித்தது. நாறுதல் என்றால் மணத்தல் என்பது பொருள். காலப்போக்கில் அச்சொல் தன் உயர்வை இழந்து, தீய மணத்தை மட்டும் குறிப்பதாயிற்று. சொல் மாறினும் பொருளின் இயல்பு மாறவில்லை. நறுமணமாயினும் தீநாற்றமாயினும் அது காற்றில் மிதந்துவரும் பொருளின் நுண்கூறே. மல்லிகை மணக்கின்றது என்றால் மல்லிகையினின்றும் பிரிந்த மூலக்கூறுகள் மூக்கினுள் புகுந்தன என்று பொருள். சாக்கடை நாறுகின்றது என்றாலும் அஃதே பொருள். நினைக்க அருவருப்பாயினும் உண்மை அதுவே. மூக்கின் மேற்புறத்தே உள்ள சவ்வில் அம்மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. மனிதரிடத்தில் இயங்கும் அவ்வேற்பிகள் ஏறத்தாழ 400 வகை என்பர். இவ்வேற்பிகளைப் பற்றிய உண்மையை வெளிப்படுத்திய ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவருக்கும் 2004ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

மூக்கிற்கு ஒரு வியத்தகு பழக்கம் உண்டு. புதிய மணத்தை அது உடனே அறிவிக்கும். அம்மணமே தொடர்ந்து நிற்குமாயின் சில நிமிடங்களில் அறிவிப்பதை நிறுத்திக்கொள்ளும். மாறாத ஒன்றை மீண்டும் மீண்டும் கூறிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை என மூளை கருதுவது போலும்! இதனாலேயே பூக்கடைக்காரருக்குப் பூமணம் தெரிவதில்லை. வீட்டிலேயே இருப்பவருக்கு வீட்டின் வாடை தெரிவதில்லை. தங்கை கூறியதை அக்காள் குறையாகக் கொள்ளாது ஏற்றுக்கொள்வதே நன்று. வீட்டின் காற்றை அறிய விரும்புவோர் சிறிது நேரம் வெளியே உலவிவிட்டு உள்ளே நுழைந்து, முதல் மூச்சில் என்ன தெரிகின்றது என்று கவனித்தல் வேண்டும். இரண்டாம் மூச்சு அத்துணை நம்பத்தக்கது அன்று.

நாற்றத்திற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகம் நெடுங்காலம் தவறாகவே எண்ணியிருந்தது. தீநாற்றமே நோய் என்று ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர். 1854ஆம் ஆண்டில் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளை நிலப்படத்தில் குறித்துப் பார்த்து, நோய் காற்றால் அன்று, ஒரு தெருக்குழாயின் நீரால் பரவியது எனக் காட்டினார். அவர் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1858ஆம் ஆண்டுக் கோடையில், தேம்சு ஆறு கழிவு நிறைந்து பெருநாற்றம் வீசியது. ஆற்றங்கரையில் அமைந்த பாராளுமன்றத்தில் உறுப்பினர் அமர இயலவில்லை. அந்நாற்றத்திற்கு அஞ்சியே அவர்கள் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களை அமைக்கப் பொருள் ஒதுக்கினர். கால்வாய்கள் அமைந்த பின் குடிநீர் தூயதாயிற்று, வாந்திபேதியும் அகன்றது. காரணம் தவறு, செயல் சரி. வரலாற்றில் இத்தகைய நற்பேறு எப்போதும் வாய்ப்பதில்லை.

அதே 1858ஆம் ஆண்டில் செருமனி நாட்டு மியூனிக் நகரத்தில் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்னும் அறிஞர் மூடிய அறைகளின் காற்றை அளந்து ஆராய்ந்தார். மக்கள் நிறைந்த அறையில் மூச்சு முட்டுவது போலத் தோன்றுவது ஏன் என்பது அவர் எழுப்பிய வினா. மூச்சுக்காற்றோடு வெளிப்படும் கரியமிலவாயு அத்துணைத் தீங்கு செய்வதன்று. ஆயினும் அறையில் மனிதர் உடலினின்றும் வெளிப்படும் பிற பொருள்கள் எவ்வளவு தேங்கியுள்ளன என்பதற்கு அஃது ஓர் அளவுகோலாகும் என அவர் கண்டார். பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு 1,000 பங்கிற்கு மேற்படலாகாது என்று அவர் வரையறுத்தார். திறந்த வெளியில் இந்நாளில் அது 420 பங்கிற்குச் சற்று மேல் உள்ளது. சாளரங்களை அடைத்துவிட்டு நால்வர் உறங்கும் சிறிய அறையில், விடியற்காலையில் அது பெட்டன்கோஃபர் வகுத்த எல்லையைப் பன்மடங்கு கடந்திருத்தல் இயல்பே. காலையில் எழும்போதே தலை கனப்பதற்கு உறக்கக்குறைவை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

இனி, தீநாற்றம் உணர்ந்தவுடன் மக்கள் செய்வது யாது? பெரும்பாலோர் அதன்மேல் ஒரு நறுமணத்தைப் போர்த்துகின்றனர். ஊதுவத்தி கொளுத்துகின்றனர், சாம்பிராணி இடுகின்றனர், கடையில் விற்கும் வாசனைத் திரவத்தைத் தெளிக்கின்றனர். அழுக்குத் துணியின்மேல் பட்டாடை உடுத்துவது போன்றது இது. தீநாற்றத்தின் மூலக்கூறுகள் அகலவில்லை. அவற்றோடு வேறு சில பொருள்களும் சேர்ந்துவிட்டன. சாம்பிராணி என்பது ஒருவகை மரத்தின் பிசின். அதனை நெருப்பிலிட்டால் நறுமணத்தோடு நுண்ணிய கரித்துகள்களும் எழுகின்றன. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கினும் சிறிய அத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காது, நுரையீரலின் அடிவரை செல்ல வல்லவை.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர்ந்த மலையின் உச்சியில் பெருங்கொப்பரையில் தீபம் ஏற்றப்பெறுகின்றது. ஆயிரக்கணக்கான கிலோ நெய் அதில் எரிகின்றது. அவ்வளவு புகையும் திறந்த வானத்தில் கலந்து, காற்றோடு போய்விடுகின்றது. மலையடியில் நிற்போர் ஒளியை மட்டுமே காண்பர், புகையை உணரார். அவ்வூரிலேயே அடைத்த அறையில் புகையும் ஒரு சிறு சுருளோ அங்குள்ளோர் கண்ணைக் கரிக்கச் செய்கின்றது. புகையின் அளவைக் காட்டிலும் அது செல்வதற்கு வழி உண்டா என்பதே பெரிதும் நோக்கத்தக்கது. வழிபாட்டிற்குச் சாம்பிராணி இடுவோர் இட்டுக்கொள்ளலாம்; அவ்வேளையில் சாளரங்கள் திறந்திருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

கொசுவத்திச் சுருளைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு சுருள் முழுதும் எரிந்து முடிவதற்குள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவிற்கு நுண்துகளை வெளியிடுகின்றது என்று அவர்கள் கண்டனர். தம் வீட்டில் புகைபிடிக்க எவரையும் விடாத தாய், குழந்தையின் தொட்டிலருகே சுருளைக் கொளுத்தி வைத்துக் கதவையும் சாத்திவிடுகின்றாள். அவள்மேல் குற்றம் இல்லை. கொசுவால் வரும் டெங்குக் காய்ச்சலும் அஞ்சத்தக்கதே. ஆனால் கொசுவலை புகையாது. சாளரத்தில் அடித்த கம்பிவலை கொசுவைத் தடுத்துக் காற்றை விடும். ஒரு முறை செலவிட்டு அமைத்தால் பல்லாண்டு உழைக்கும் அவ்வலையை வாங்கத் தயங்குவோர், திங்கள்தோறும் சுருளுக்குச் செலவிடும் தொகையைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

நாற்றத்தைப் போக்க விரும்புவோர் முதற்கண் அது பிறக்கும் இடத்தைத் தேடுதல் வேண்டும். மழைக்காலத்து ஈர வாடையை எடுத்துக்கொள்க. தளத்தில் வெடிப்பு இருப்பின் நீர் கசிந்து சுவர் நனையும். நனைந்த சுவரிலும், அலமாரியின் பின்புறத்திலும், கட்டிலடியில் வைத்த பழந்துணி மூட்டையிலும் பூஞ்சணம் பூக்கும். அது வெளியிடும் பொருள்களே அவ்வாடையாகின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளைச் சில பூஞ்சணங்களும் உண்டாக்குகின்றன. கோடைமழை பெய்த வயலில் உள்ளத்தைக் குளிர்விக்கும் அம்மணம், படுக்கையறைச் சுவரில் எழும்போது நோயின் முன்னறிவிப்பாகின்றது. பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் பறந்து, ஆஸ்துமா உடையோருக்கு இரைப்பை மிகுவிக்கின்றன. சுவரைத் துடைத்துவிட்டு வெடிப்பை அடைக்காது விடுவது வீண்முயற்சி. ஈரம் நின்றால்தான் பூஞ்சணம் நிற்கும். அலமாரியைச் சுவரினின்றும் நான்கு விரற்கடை தள்ளி வைத்தாலே அதன் பின்னால் காற்று உலவும். பொங்கலுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. நீர்த்த சுண்ணாம்பு கடுங்காரத்தன்மை உடையது. அதன்மேல் பூஞ்சணம் எளிதில் வளராது. மழைக்காலம் முடிந்து சுவர் உலரத் தொடங்கும் மார்கழித் திங்களின் இறுதியில் அது பூசப்பெறுவதும் பொருத்தமே.

குளியலறையில் எழும் சாக்கடை நாற்றத்திற்குப் பலர் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் களைக்கின்றனர். நாற்றம் தரையில் இல்லை. கழிவுநீர்க் குழாய் தரைக்கடியில் வளைந்து செல்லும். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும். குழாய் வேலை செய்வோர் அதனை 'டிராப்' என்பர். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வரும் வாயு அந்நீரைக் கடந்து வீட்டினுள் புக இயலாது. 1775ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இவ்வமைப்பிற்கு இலண்டனில் காப்புரிமை பெற்றார். இரும்பும் இயந்திரமும் இன்றி ஒரு கை நீரையே கதவாக்கிய அவர் அறிவு பாராட்டத்தக்கது. வீட்டார் சில கிழமைகள் வெளியூர் சென்றாலோ, விருந்தினருக்கென அமைத்த குளியலறை பயன்படாது கிடந்தாலோ, அந்நீர் ஆவியாகி வளைவு வறண்டுவிடும். பிறகு நாற்றம் தடையின்றி ஏறிவரும். அதற்கு மருந்து ஒரு குவளை நீர், வேறொன்றும் இல்லை. நீர் ஊற்றிய பின்னும் நாற்றம் தீராவிடின், தொட்டியிலிருந்து வாயு வெளியேற அமைத்த குழாய் தளத்திற்கு மேல் உயர்ந்துள்ளதா, அடைபட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

அடுக்களை நாற்றங்களில் வேதியியலின் எளிய விதி ஒன்று வேலை செய்கின்றது. மீன் வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமைன் என்னும் காரப்பொருள். காரத்தை அமிலம் மாற்றும். ஆதலால் மீன் கழுவிய கையையும் சட்டியையும் புளி கொண்டோ எலுமிச்சை கொண்டோ தேய்த்தால் அவ்வாடை அகன்றுவிடும். இவ்விதியை எழுதி வைத்தவர் யாரும் இலர். ஆயினும், தமிழகத்து மூதாட்டியர் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்துவந்துள்ளனர். மாறாக, சிந்திய பால் புளித்து எழும் நாற்றம் அமிலத்தால் விளைவது. அங்கே புளி பயன்படாது; ஆப்பச்சோடாவைத் தூவிச் சற்று நேரம் விட்டுத் துடைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டியில் பல பொருள்களின் வாடை கலந்து நிற்பின், உலர்ந்த கரித்துண்டுகளை ஒரு திறந்த கிண்ணத்தில் வைக்கலாம். கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணற்றவை உண்டு. வாடையின் மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால், கெட்டுப்போன குழம்பை உள்ளேயே விட்டுவிட்டுக் கரியை மட்டும் வைப்பவருக்கு எக்கரியும் உதவாது.

தூய்மை செய்யும் ஆர்வத்தால் உயிருக்கே கேடு தேடிக்கொள்வோரும் உண்டு. கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருங்கே பயன்படுத்தினால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டில், படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. சிறிய, சாளரமற்ற குளியலறையில் அது சிறிதளவு எழுந்தாலும் நுரையீரல் புண்படும். ஒன்றை முடித்து நீர் விட்டு நன்கு கழுவிய பின்னரே, அதுவும் வேறொரு நாளில், மற்றதனைப் பயன்படுத்துக. கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது அதனினும் கொடிது. அங்குத் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். மிகுதியானால் மூக்கின் உணர்வையே அழித்துவிடும். 'நாற்றம் நின்றுவிட்டது' என எண்ணி இறங்கியவர் மீண்டு வந்ததில்லை. மனிதரைத் தொட்டிக்குள் காப்பின்றி இறக்குதலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும், தமிழ்நாட்டில் அச்சாவுகள் நின்றபாடில்லை. நாற்றத்தைப் பற்றிய பாடத்தில் இதனைக் கூறாது விடுதல் முறையன்று.

எல்லா நாற்றமும் பகை என்று கொள்ளுதலும் பிழையாகும். சமையல் எரிவாயுவிற்கு இயல்பில் பெரிதும் மணம் இல்லை. அழுகிய பூண்டு போன்ற அதன் நாற்றம், கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுவது. அவ்வழக்கத்தின் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில், 1937ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், பள்ளிக் கட்டிடத்தின் அடியில் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்; அவருள் பெரும்பாலோர் மாணவர். அவ்வாயுவிற்கு மணம் இல்லாமையால் ஒருவரும் அதனை அறியவில்லை. அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றப்பொருள் கலத்தல் கட்டாயமாயிற்று. உருளையில் வரும் சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. ஆதலால் தரையோரம் தேங்கும். அந்நாற்றம் வீசினால் மின்விளக்கின் விசையைத் தொடலாகாது, மின்விசிறியையும் சுழற்றலாகாது. அடுப்பையும் உருளையையும் மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, வெளியே வந்து, 1906 என்னும் அவசர எண்ணிற்குத் தெரிவித்தல் வேண்டும். நாறாத நஞ்சு ஒன்றும் உண்டு. குமுட்டி அடுப்பில் கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு அஞ்சி மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கியோர் விழிக்காமலே இறந்துள்ளனர். அவ்விடத்தில் மூக்கு காவல் செய்யாது.

விறகடுப்புப் புகையோ கண்ணுக்கும் தெரியும், மூக்குக்கும் தெரியும். எனினும், பழகிப்போனமையால் அதனைத் தீங்கென்று எண்ணாதோர் பலர். சென்னைப் போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர்தம் குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 சிற்றூர் வீடுகளில் காற்றை அளந்து, 2002ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். விறகும் சாணவறட்டியும் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் பெண்களே மிகுதியான துகளை உள்ளிழுக்கின்றனர் என்பது புலனாயிற்று. குடும்பத்திற்கு உணவளிப்பவள் தன் பங்காகப் புகையை உண்கின்றாள். பின்னர், இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஒரு பேராய்வு நடைபெற்றது. இந்தியாவில் அதற்குரிய இடங்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் ஆகும். ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் விலையின்றி வழங்கப்பெற்றன. மற்றொரு பிரிவினர் விறகிலேயே சமைத்தனர். எரிவாயு பெற்றோர் உள்ளிழுத்த நுண்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும், பிறந்த குழந்தைகளின் எடை எதிர்பார்த்தவாறு கூடவில்லை என்று 2022ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் கண்டதைக் கண்டவாறே வெளியிடுதல் அறிவியலின் நேர்மை. புகை குறைதல் சமைப்பவளின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நன்மையே என்பதில் ஐயம் இல்லை. கருவிலுள்ள குழந்தையின் எடைக்கு அஃது ஒன்றே போதாது என்பது அவ்வாய்வு கற்பித்தது.

எரிவாயு வந்துவிட்டதால் அடுக்களையில் கவலை ஒழிந்தது என்றும் கூறுவதற்கில்லை. எண்ணெய் காயும்போதும், கடுகு மிளகாய் தாளிக்கும்போதும் நுண்துகள் எழுகின்றது. சுடரிலிருந்து நைட்ரஜன் டையாக்சைடும் பிறக்கின்றது. வெப்பக் காற்று மேலேறும் இயல்புடையது; ஆகவே புகையை வெளித்தள்ளும் விசிறியைக் கூரைக்கு அண்மையில், அடுப்பின் பக்கமாக அமைத்தல் வேண்டும். அது வெளித்தள்ளும் அளவிற்குக் காற்று உள்ளே வர எதிர்ப்புறத்தில் கதவோ சாளரமோ திறந்திருத்தலும் வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் சுழற்றுதல், ஒரு வாயுமற்ற குடத்தில் நீரை முகப்பது போன்றது.

சாளரத்திற்குத் தமிழில் 'காலதர்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளியையோ காட்சியையோ சுட்டாது, காற்று வரும் வழி என்றே முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைக் கூறுமிடத்தில், மானின் கண் போன்ற வடிவமுடைய காலதர்களைக் குறிப்பிடுகின்றது. பிற்காலத்து வீடுகளில் நடுவே முற்றம் விட்டதும் இக்கருத்தினாலேயே. வெயில் ஏறியவுடன் முற்றத்துக் காற்று மேலெழும். திண்ணையின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே ஈர்க்கப்படும். இந்நாளில் சிறுமனையில் முற்றம் விட இடமில்லை. ஆயினும் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சாளரங்கள் இருப்பின், இரண்டையும் ஒருங்கே கால்மணி நேரம் திறந்து வைத்தாலே அறைக்காற்று பெரும்பாலும் மாறிவிடும். ஒரு பக்கத்துச் சாளரத்தை மட்டும் நாள் முழுதும் திறந்து வைப்பதைவிட அது பயன் மிக்கது.

சாளரம் திறப்பதற்கு மாற்றாகத் தொட்டிச் செடிகளை வளர்க்கலாம் என்னும் கருத்து பரவியுள்ளது. 1989ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வகம் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியே அதற்கு அடிப்படை. மூடிய சிறு பெட்டிக்குள் வைத்த செடிகள் சில நச்சு வாயுக்களைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால், வீடு மூடிய பெட்டி அன்று. அவ்வாராய்ச்சியையும் அதன்பின் வந்தவற்றையும் ஒருங்கே கணக்கிட்டுப் பார்த்த அறிஞர்கள், சாளரக் காற்றுக்கு ஈடு செய்யவேண்டுமாயின் ஒரு சதுர மீட்டர்த் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் காட்டினர். அவ்வாறு வளர்த்தால் செடிகளுக்கு இடமிருக்கும், வீட்டாருக்கு இராது. செடிகளைக் கண்ணுக்கு இனிமையாக வளர்க்கலாம். காற்றுக்குச் சாளரமே வழி.

வெளிக்காற்றே மாசுற்றிருக்கும் வேளைகளும் உண்டு. போகியன்று விடியற்காலையில் பழைய பாயையும் துணியையும் எரிப்பதோடு, சிலர் பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிக்கின்றனர். மார்கழியின் இறுதியாதலால் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்திருக்கும். அதன்மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். எழுந்த புகை மேலே செல்ல இயலாது தெருவிலேயே தங்கும். அன்று சாளரங்களை அடைத்து வைத்தலே தக்கது. வெயில் ஏறித் தரை சூடாகும்போது அம்மூடி கலைந்து புகை உயர்ந்து அகலும். மலையின் அடிவாரம் மங்கலின்றித் தெளிவாகத் தெரியத் தொடங்கிய பின்னர்ச் சாளரங்களைத் திறக்கலாம்.